துணியைக் குறை சொல்லாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வாத்தியார் எழுதினால் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பென்னாகரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு இருக்கிறது. "பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற சீருடைத் துணி மட்டம். ஜூனில் போட்டது தீபாவளிக்குள் வெளுத்துப் போச்சு." கடையில் காசு கொடுத்து எடுத்த சட்டைக்கும் இதே குறைதான். சில துணி மட்டமாக இருக்கலாம். எல்லாத் துணியுமா மட்டம்? நம் ஊரில் துணி உடுத்திக் கிழிவதை விடத் துவைத்துக் கிழிவதே அதிகம் என்பேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

முதல் காரணம் தண்ணீர். கடின நீர் பாடம் நினைவிருக்கிறதா? நம் போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து திப்பியாகி நூலிழைக்குள் உட்கார்ந்துகொள்ளும். வேட்டி பழுப்பதும், துண்டு அட்டை மாதிரி விறைப்பதும் இதனால்தான். ஃபுளோரைடுதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும். நுரையைக் கெடுப்பது இந்த உப்புகள்.

இரண்டாவது, பவுடர். நுரை வரவில்லை என்று இன்னொரு கை அள்ளிப் போடுகிறோம். 1959இல் சர்ஃப் வந்தது, 1969இல் நிர்மா வந்தது. அன்று முதல் நுரைதான் சுத்தம் என்று விளம்பரம் நமக்குப் பாடம் நடத்துகிறது. நுரைக்கும் அழுக்கு போவதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை. கடின நீருக்குப் பவுடர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கொட்டினால் மிச்சம் அலசலில் போகாமல் துணியிலேயே தங்கும். அடுத்த நாள் புழுதியை அதுவே பிடித்து வைக்கும். "பளிச் வெண்மை" என்கிறார்களே, அது நீல ஒளியைக் காட்டும் ஒரு சாயம். கண்ணுக்கு வெள்ளை, அவ்வளவுதான்.

மூன்றாவது, நம் கை. காலரை பிரஷ் போட்டுத் தேய்த்து நூலைப் பிய்க்கிறோம். மெஷின் ஃபில்டரில் பஞ்சு சேர்கிறதே, அது உங்கள் சட்டைதான், கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

"சார், வேலைக்குப் போய் வந்து இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்பீர்கள். கூடுதல் நேரம் வேண்டாம். புழுதியும் வேர்வையும் போகப் போர் தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள். பவுடர் கரைக்க மட்டும் நல்ல தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013 முதல் வருகிறது. அது குடிப்பதற்கு, துணிக்கு வீணாக்கச் சொல்லவில்லை. ஆனால் காலையில் குடத்தில் மிஞ்சிய பழைய தண்ணீரைக் கீழே ஊற்றுகிறீர்களே, அது போதும். மழைக்காலத்தில் ஓட்டு வாரத்தில் ஒரு டிரம் வையுங்கள். பவுடர் முன்பு போட்டதில் பாதி போதும். ஊறவைப்பது அரை மணி நேரம். காலருக்குக் கையால் சோப்பு. கலர் துணியை உள்புறம் திருப்பி நிழலில் உலர்த்துங்கள். பட்டுக்குப் பவுடர் வேண்டவே வேண்டாம், பூந்திக்கொட்டை இருக்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். எட்டாம் வகுப்பு வரை வருடத்துக்கு 4 செட் சீருடை அரசு தருகிறது. அது பாதியில் நைந்தால், கூலிக்குப் போகிற தாய்தான் கடன் வாங்கி வேறு எடுக்கிறாள். எடுக்க முடியாதவள் பிள்ளை வெளுத்த சட்டையோடு கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்காரும். பாடம் நடத்திய அத்தனை வருடமும் அதைப் பார்த்தவன் நான்.

இன்னொன்று. வெள்ளாவி வைத்து வெளுத்தவர்களை நம் ஊர் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. எந்தத் துணிக்கு எவ்வளவு உவர்மண், எவ்வளவு சூடு என்று அவர்கள் கைக்குத் தெரிந்த கணக்கையும் அப்படியே வெளியே விட்டுவிட்டோம். அந்த வேலையை இப்போது வீட்டுப் பெண்கள் தலையில் கட்டியிருக்கிறோம். துணி கெட்டால் திட்டும் அவர்களுக்கே.

ஆகவே மாணவர்களே, முக்கியமாகப் பையன்களே, இந்த ஞாயிறு உங்கள் சட்டையை நீங்களே துவையுங்கள். பவுடர் டப்பாவைப் பாதியில் நிறுத்துங்கள். ஒரு மாதம் கழித்து வந்து எனக்குப் பதில் எழுதுங்கள். மறுத்து எழுதினாலும் மகிழ்ச்சியே.