குலுக்கலில் கிடைக்கும் குதிரை: ஜூனியர் ஷோ ஜம்ப்பிங்கில் யாருக்கு நியாயம், யாருக்கு பாரம்?

நண்பனோட பைக்கை இரவல் வாங்கி ஓட்டியிருக்கீங்களா? கிளட்ச் எங்கே பிடிக்குது, பிரேக் எவ்வளவு அமுக்கினா நிற்கும்னு புரியறதுக்குள்ளேயே ரெண்டு சிக்னலைத் தாண்டியிருப்பீங்க. இப்போ அந்த பைக்குக்கு உயிர் இருக்கு, ஐந்நூறு கிலோவுக்குக் குறையாத எடை இருக்கு, பயம் இருக்கு, மூடு இருக்குன்னு வெச்சுக்கோங்க. அதுல ஏறி, உலகமே பார்க்க, வரிசையா நிற்கிற தடைகளை ஒரு கம்பம்கூட விழாம தாண்டணும். மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கு வயசு பதினாறு.

யூத் ஒலிம்பிக்ஸ் ஷோ ஜம்ப்பிங் இப்படித்தான் நடக்கிறது. 2010 சிங்கப்பூர், 2014 நான்ஜிங், 2018 பியூனஸ் அயர்ஸ் என மூன்று முறையும் வீரர்கள் சொந்தக் குதிரையைக் கொண்டுவரவில்லை. போட்டியை நடத்துபவர்களே குதிரைகளைத் திரட்டினார்கள். யாருக்கு எந்தக் குதிரை என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. நான்காவது வாய்ப்பு செனகல் நாட்டின் டாக்கரில். 2026 அக்டோபர் 31 முதல் நவம்பர் 13 வரை என்று தேதி குறிக்கப்பட்ட அந்தப் போட்டியின் பட்டியலிலும் ஷோ ஜம்ப்பிங் இருக்கிறது.

கேட்கும்போது ரொம்ப நியாயமான ஏற்பாடாகத் தோன்றும். பணக்காரப் பிள்ளையின் கோடி ரூபாய் குதிரை அவருடைய வீட்டு லாயத்திலேயே நிற்கும். களத்தில் எல்லோருக்கும் ஒரே சீட்டுக் குலுக்கல். ஆனால், இந்த நியாயத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதை யார் கொடுக்கிறார் என்பதில்தான் சிக்கலே.

குதிரை போக முடியாத ஊர்கள்

முதலில், ஏன் இரவல்? காரணம் பணம் மட்டும் இல்லை. குதிரைக்கு பாஸ்போர்ட்டும் வேண்டும், விமானமும் வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அது போகிற நாடு அதை உள்ளே விட வேண்டும்.

1956-ல் மெல்பர்ன் ஒலிம்பிக்ஸ் நடந்தபோது, வெளிநாட்டுக் குதிரைகளுக்கான ஆஸ்திரேலியாவின் தனிமைப்படுத்தல் விதி அவ்வளவு கடுமையாக இருந்தது. அதனால் குதிரையேற்றப் போட்டிகளை மட்டும் பிரித்தெடுத்து, சுவீடனின் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸிலும் இதே கதை. குதிரைகள் மட்டும் ஹாங்காங் போயின. ஒலிம்பிக்ஸுக்கே இந்த நிலை என்றால், பள்ளிப் பிள்ளைகளின் போட்டிக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? குதிரை போக முடியாத இடத்துக்கு ஆள் மட்டும் போகலாமே என்பதுதான் இரவல் முறையின் அடிப்படை.

சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் (எஃப்.இ.ஐ) இதற்கு இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. ஒரே வரைபடம், ஒரே உயரம், ஒரே இடைவெளி. உலகம் முழுக்கப் பல நாடுகளில் அதே தடைகளை அமைத்து, அவரவர் ஊரில், அவரவர் குதிரையில் தாண்டச் சொல்கிறார்கள். மதிப்பெண்களை ஒப்பிட்டு, முன்னணியில் இருப்பவர்களை இறுதிப் போட்டிக்கு அழைக்கிறார்கள். அந்த இறுதிப் போட்டி இரவல் குதிரையில். பெரியவர்களுக்கு வேர்ல்டு சேலஞ்ச், 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு சில்ட்ரன்ஸ் கிளாஸிக்ஸ். குதிரையேற்றம் பெரிதாக வளராத நாடுகளுக்கு உலகக் கதவைத் திறந்துவிடும் போட்டிகள் இவை. இந்தியாவும் இவற்றில் பங்கெடுத்து வருகிறது.

சிங்கப்பூர் சொன்ன நல்ல செய்தி

இந்த முறை சரியாக வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2010 சிங்கப்பூர் நல்ல உதாரணம். குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் வந்தன. கண்டத்துக்கு ஓர் அணி, நாட்டுக்கு ஒருவர். போட்டிக்கு முன்பு சில நாள்கள் பழகக் கிடைத்தன. தனிநபர் தங்கம் வென்றவர் உருகுவேயின் மார்செலோ சிரிக்கோ. வெண்கலம் சவூதி அரேபியாவின் டால்மா மல்ஹாஸுக்கு. ஒலிம்பிக் போட்டி ஒன்றில் களமிறங்கிய முதல் சவூதிப் பெண் அவர்தான். அவரைச் சுமந்து தாண்டிய குதிரை ஃப்ளாஷ் டாப் ஹேட், யாரோ ஒருவருடையது.

அடுத்த பகுதியையும் கேளுங்க. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்கு டால்மா போவார் என்று பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அங்கே சொந்தக் குதிரை வேண்டும். தகுதி பெற வேண்டிய நேரத்தில் அவருடைய குதிரைக்குக் காயம். லண்டன் கைநழுவியது. இரவல் குதிரையில் பதக்கம் வாங்கியவரால், சொந்தக் குதிரை படுத்துக்கொண்டதால் மைதானத்துக்கே போக முடியவில்லை. திறமை அதேதான், கதவுதான் வேறு.

அதற்காக இரவல் முறை எல்லோரையும் சமமாக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2014-ல் தங்கம் நெதர்லாந்துக்கு, 2018-ல் இத்தாலிக்கு. இரண்டுமே குதிரையேற்றத்தில் பழம் தின்று கொட்டை போட்ட நாடுகள். இரவல் முறை குதிரையின் விலையைத்தான் சமமாக்குகிறது. நீங்கள் இதுவரை எத்தனை குதிரைகளின் முதுகில் ஏறியிருக்கிறீர்கள் என்பதை அது சமமாக்காது. அறிமுகமில்லாத குதிரையைப் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்வது தனித் திறமை. பல குதிரைகளில் ஏறி இறங்கியவருக்கே அது வரும்.

டோக்கியோ சொன்ன கெட்ட செய்தி

2021 ஆகஸ்ட் 6. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கான மாடர்ன் பென்டத்லான். இது வேறு விளையாட்டு, ஆடுபவர்களும் பெரியவர்கள். ஆனால் அதில் ஒரு பகுதி ஷோ ஜம்ப்பிங், அதுவும் குலுக்கலில் வரும் குதிரையில். பழகிக்கொள்ளக் கிடைப்பது 20 நிமிடம்.

ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முதலிடத்தில் இருந்தார். அவருக்கு விழுந்த குதிரை செயின்ட் பாய். அவருக்கு முன்பு ஏறிய ரஷ்ய வீராங்கனையிடமும் அது தாண்ட மறுத்திருந்தது. ஷ்லோயிடமும் மறுத்தது. அவர் அழுதுகொண்டே சாட்டையைப் பயன்படுத்தியதை உலகமே டிவியில் பார்த்தது. வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் ‘அடி’ என்று கத்தியதோடு, தானும் கையால் குதிரையைக் குத்தினார். பயிற்சியாளர் ஒலிம்பிக்ஸிலிருந்து நீக்கப்பட்டார். முதலிடத்தில் இருந்த ஷ்லோய் 31-வது இடத்தில் முடித்தார்.

சமூக வலைதளங்கள் அந்தப் பெண்ணைத்தான் வறுத்தெடுத்தன. அவர் செய்ததற்கு அவர் பொறுப்புதான். ஆனால், ஏற்கெனவே மிரண்டுபோன குதிரையைத் திரும்பவும் களத்துக்கு அனுப்பியது யார்? 20 நிமிடம் போதும் என்று முடிவு செய்தது யார்? அது நடத்தியவர்களின் விதிமுறை. கடைசியில் அந்த விளையாட்டின் சம்மேளனம் விதிகளைத் திருத்தியதோடு நிற்கவில்லை. குதிரையையே வெளியே அனுப்பிவிட்டது. 2024 பாரிஸோடு மாடர்ன் பென்டத்லானில் குதிரைக்கு குட்பை. அதன் இடத்துக்கு வந்திருப்பது நிஞ்ஜா வாரியர் பாணி தடை ஓட்டம்.

ஜூனியர் போட்டி நடத்துபவர்கள் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது. ஒரே ஒரு குதிரை, ஒரே ஒரு வீடியோ. நூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஏற்பாடே காலியாகிவிட்டது.

நடத்துறவங்க கையில் இருப்பது என்ன?

குலுக்கல் ஐந்து நிமிட வேலை. அதற்கு முன்பும் பின்பும் செய்வதுதான் போட்டியைக் காப்பாற்றும்.

ஒன்று, எண்ணிக்கை. பியூனஸ் அயர்ஸில் 30 நாடுகளிலிருந்து 30 பேர் ஏறினார்கள். 30 பேருக்கு 30 குதிரை போதாது. ஒன்று நொண்டும், ஒன்று மிரளும், ஒன்றுக்கு வயிற்று வலி வரும். உபரிக் குதிரை இல்லாத இடத்தில் ‘இந்தக் குதிரை இன்று வேண்டாம்’ என்று சொல்ல மருத்துவருக்கே தயக்கம் வரும். செலவைக் குறைக்க முதலில் கைவைக்கப்படுவதும் இந்த உபரிதான்.

இரண்டு, ஒரே தரம். ஒரு குதிரை 1.30 மீட்டரை அசால்ட்டாகத் தாண்டும், இன்னொன்று 1.10-க்கே திணறும் என்றால் குலுக்கலிலேயே பதக்கம் முடிவாகிவிடும். அதனால் தடையின் உயரத்தை, திரட்டியதிலேயே சுமாரான குதிரையை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூட்டத்தைக் கவர உயரத்தைக் கூட்டினால், அந்தப் பாரத்தை ஏற்பது குதிரைதான்.

மூன்று, குதிரையைத் தெரிந்தவர். இந்தக் குதிரைக்கு எந்தக் கடிவாளம் பழக்கம், எதைக் கண்டால் ஒதுங்கும், காலால் தட்டினால் போதுமா, கொஞ்சம் அதட்ட வேண்டுமா? இதெல்லாம் அதை தினமும் பராமரிப்பவருக்குத்தான் தெரியும். அவர் ஓரமாக நிற்கும் வேலையாள் இல்லை. அந்த சில நாள்களுக்கு அவர்தான் பாதி கோச். அவர் பேசும் மொழியும் வந்திருக்கும் பிள்ளையின் மொழியும் வேறாக இருந்தால், மொழிபெயர்ப்பாளர் வைப்பதும் குதிரை நலனில் சேர்த்திதான்.

நான்கு, உள்ளூர் சாதகம். போட்டி நடக்கும் நாட்டுப் பிள்ளை, தான் ஏற்கெனவே ஓட்டிய குதிரையையே குலுக்கலில் எடுத்துவிட்டால்? அந்தச் சீட்டை முன்கூட்டியே விலக்கி வைக்க வேண்டும். குலுக்கல் எல்லோர் கண் முன்னாலும் நடக்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகள் இதை வேறு மாதிரி கையாள்கின்றன. அங்கே இரு அணிகளிலிருந்து ஒவ்வொருவர், ஒரே குதிரையில் அடுத்தடுத்து ஏறுகிறார்கள். பழக 4 நிமிடம்தான். ஆனால், குதிரை எவ்வளவு வேகமாகத் தாண்டியது என்பதற்கு மதிப்பெண் இல்லை. ஏறியவர் எப்படி ஓட்டினார் என்பதற்குத்தான். சர்வதேச மாணவர் போட்டிகளிலும் ஒரே குதிரையில் சிலர் ஏறி, அவர்களில் சிறந்தவர் அடுத்த சுற்றுக்குப் போகும் முறை இருக்கிறது. ‘எனக்கு மட்டும் மோசமான குதிரை’ என்ற புலம்பலுக்கு இடமே இல்லை. ஆனால் ஒரே குதிரை திரும்பத் திரும்ப ஓட வேண்டியிருக்கும். எந்த முறையை எடுத்தாலும் எங்கோ ஓரிடத்தில் குதிரையின் முதுகில்தான் கணக்கு வந்து நிற்கிறது.

டாக்கரின் பரீட்சை

இப்போது செனகலுக்கு வருவோம். ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்றொரு வைரஸ் நோய் இருக்கிறது. சின்னச் சின்னக் கொசு போன்ற பூச்சிகள் பரப்பும். தீவிரமானால் தாக்கப்பட்ட குதிரைகளில் பெரும்பாலானவை பிழைக்காது. 2007-ல் செனகலில் இது பரவியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் இறந்தன. இந்த நோய் உள்ள பகுதிக்குப் போன குதிரை ஐரோப்பாவுக்குத் திரும்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சிங்கப்பூர் போல வெளியிலிருந்து விமானத்தில் இறக்கிவிட்டு, முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்ற வசதி இங்கே கிடையாது.

இன்னொரு பக்கம், செனகல் குதிரை தெரியாத நாடும் இல்லை. வண்டி இழுக்கவும் பந்தயத்துக்கும் குதிரைகள் அங்கே சாதாரணம். ஆனால் வண்டி இழுக்கும் குதிரை வேறு, தடை தாண்டும் குதிரை வேறு. தாண்டப் பழக்குவது வருடக்கணக்கான வேலை. ஆப்பிரிக்க மண்ணில் நடக்கும் முதல் ஒலிம்பிக் திருவிழா இது. குதிரைகள் நன்றாக இருந்தால், ‘எங்களால் முடியாது’ என்று ஒதுங்கி நிற்கும் பல நாடுகளுக்கு அது தைரியம் கொடுக்கும். ஒரு செயின்ட் பாய் நடந்துவிட்டால், யூத் ஒலிம்பிக்ஸிலிருந்தும் குதிரை காணாமல் போகலாம்.

நமக்கு என்ன?

நமக்கு நிறையவே இருக்கிறது. 2023 ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் டிரெஸ்ஸாஜ் பிரிவில் இந்திய அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம். அந்த நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். அனுஷ் அகர்வாலா 17 வயதிலேயே ஜெர்மனி போனவர். இந்தியாவிலிருந்து குதிரையை நேரடியாக வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோவது அவ்வளவு கஷ்டம் என்பதும் இதற்கு ஒரு காரணம். 2025 ஜூலையில் மீரட் ராணுவக் குதிரை மையத்துக்கு ‘நோயற்ற வளாகம்’ என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனாலும் ஐரோப்பாவில் வீடெடுத்து, லாயம் பிடித்து, பிள்ளையைப் பல வருஷம் தங்கவைக்க எத்தனை குடும்பங்களால் முடியும்?

இரவல் குதிரைப் போட்டி என்றால் ஒரு விமான டிக்கெட்டும், சொந்தத் தொப்பியும், பூட்ஸும் போதும். ரைடிங் ஸ்கூலில் இன்று ஒரு குதிரை, நாளை வேறொன்று என்று மாறி மாறி ஏறும் பிள்ளைக்கு இதுதான் சரியான களம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் என்.சி.சி. குதிரைப்படைப் பிரிவில் சேரும் மாணவர்களும் பொதுக் குதிரையில் கற்பவர்கள்தான். சொந்தக் குதிரை இல்லாதது இங்கே குறை இல்லை. சில சமயம் அதுவே பயிற்சி.

‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்’ என்று நம்ம ஊரில் ஒரு பழமொழி உண்டு. குதிரை விஷயத்திலும் அது பொருந்தும். இரவலை மட்டுமே நம்பி, ஊரில் நல்ல குதிரை, நல்ல லாயம், நல்ல மருத்துவர் என எதையும் வளர்க்காமல் இருந்தால், அந்தக் கதவு மூடும் நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

டாக்கரில் தங்கம் யாருக்கு என்பது ஒரு நாள் செய்தி. போட்டி முடிந்த மறுநாள் காலையில் அந்தக் குதிரைகள் நொண்டாமல் லாயத்தைவிட்டு வெளியே வருகின்றனவா? குதிரைக்காரர், ‘அடுத்த முறையும் தருகிறேன்’ என்று சொல்கிறாரா? இந்த விளையாட்டு நம்ம பிள்ளைகள் வரைக்கும் வந்து சேருமா என்பது அந்த பதிலில்தான் இருக்கிறது.