காரணம் சொல்லாத மதிப்பெண்

ஒரு நாவலைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்த மாணவிக்குப் பத்துக்கு ஆறு. வாதம் வலுவற்றதா, மொழி பிழைபட்டதா, கேள்வியை விட்டே விலகிப் போனாளா? தாளில் ஒரு சொல்லும் இல்லை. பெங்களூரின் பல பட்டக் கல்லூரிகளில் இலக்கியத் தாள்கள் இப்படித்தான் திருத்தப்படுகின்றன. இது அநீதி.

கர்நாடகத்தில் 2021-22இல் தேசியக் கல்விக் கொள்கை வந்தபோது அக மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. 2024-25இல் வந்த மாநிலப் பாடத்திட்டம் அதை 20 ஆக்கி, பருவத் தேர்வுக்கு 80 கொடுத்தது. இன்டர்னலை வாரி வழங்குகிறார்கள் என்ற குறை உண்மைதான். ஆனால், வாசிக்காமல் 40 போட்ட கை வாசிக்காமலே 20 போடும். எழுதி, திருத்தி, மறுபடி எழுதிப் பழகும் வாய்ப்புதான் குறைந்தது. பருவத் தேர்விலோ கைடை ஒப்பிப்பவர் முந்துகிறார். கவிதையைத் தானே படித்துத் தயங்கித் தயங்கி ஒரு கருத்துக்கு வந்தவர் பின்தங்குகிறார்.

ஆங்கில இலக்கிய வகுப்பில் காரணம் சொல்லாத மதிப்பெண் இன்னும் கொடியது. கோலாரில் கன்னட வழியில் படித்தவர், சிவாஜிநகரில் உருதுவும் அல்சூரில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள், கான்வென்ட்டில் படித்தவர் எல்லாரும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். இலக்கணப் பிழைக்கு எவ்வளவு போகும், சொந்த வாசிப்புக்கு எவ்வளவு கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால், பெற்றோர் கட்டிய பள்ளிக் கட்டணமே மதிப்பெண்ணாக மாறிவிடுகிறது. பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த பி. லங்கேஷ் கன்னடத்தின் பெரிய எழுத்தாளர். நுனிநாக்கு ஆங்கிலத்துக்கு மட்டுமே உரிய இடமாக இந்த ஊரின் ஆங்கிலத் துறை ஒருபோதும் இருந்ததில்லை.

கட்டுரை எழுதச் சொன்னால் சாட்ஜிபிடி எழுதியதைத் தன் பெயரில் கொடுக்கும் மாணவர் பொய் சொல்கிறார். அதற்குச் சாக்கு இல்லை. அதே சமயம், பிறர் எழுதிய நோட்ஸை மனப்பாடம் செய்தவருக்கு ஆண்டுக்கணக்காக முதல் வகுப்பு கொடுத்துவந்த நிறுவனங்களுக்கு இதில் அதிர்ச்சியடையும் தகுதி குறைவு.

வகுப்பு பெரிது, நேரம் இல்லை என்கிறார்கள் ஆசிரியர்கள். அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் பணி நிரந்தரம் இல்லாமல் இந்தச் சுமையைத் தாங்குகிறார்கள். அந்தப் பழி அரசையும் நிர்வாகங்களையும் சேரும். ஆனாலும் எதை எதிர்பார்க்கிறோம் என்று முதல் வாரத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கப் பணம் தேவையில்லை.

திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை மாணவருக்கு உண்டு என்று 2011 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வெறும் எண் மட்டும் இருக்கும் தாளைப் பார்த்து அவர் எதைக் கற்றுக்கொள்வார்? ஒவ்வொரு இலக்கியத் தாளிலும் ஆசிரியரின் இரண்டு வரிக் குறிப்பு, பருவத்துக்கு ஒரு கட்டுரையையாவது திருத்தி மறுபடி எழுதிக் கொடுக்கும் வாய்ப்பு: இவ்விரண்டையும் பெங்களூர்ப் பல்கலைக்கழகங்கள் அடுத்த பருவத்திலேயே கட்டாயமாக்க வேண்டும்.