கூட்டம் இல்லாத தெருவுக்குத் திருடன் வரமாட்டானா?



பட்டுக்கடை வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டார்: "ஐயா, கடை கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுவிட்டேன். இனி வைரஸ் பயம் இல்லைதானே?" பலருக்கும் இந்தச் சந்தேகம் இருப்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

அவர் சொன்னது பாதி சரி. கருட சேவை அன்று பிக்பாக்கெட்காரன் எங்கே நிற்பான்? கூட்டத்தில்தான். பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது விண்டோஸ். அதனால் வைரஸ் எழுதுகிறவனும் அதையே குறிவைக்கிறான். 2017 மே மாதம் உலகையே கலக்கிய வானாக்ரை, விண்டோஸ் கணினிகளைத்தான் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டவர்களின் விண்டோஸில் அந்த வழியாக நுழைய முடியவில்லை.

இனி மறுபாதி. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. உலகக் கணக்கில் அது ஒரு சின்னச் சந்து. அந்தச் சந்துக்கும் ஆள் வந்துவிட்டது. நம் அரசு அலுவலகங்களில் 'பாஸ்' இருப்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கென்றே ஓர் உளவுக் கும்பல் பொறி வைத்ததாக 2025 ஆகஸ்டில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். அலுவலகக் கூட்டம் பற்றிய கடிதம் போல ஒரு மெயில். உள்ளே பிடிஎஃப் போலத் தோன்றும் ஒரு ஷார்ட்கட். திறந்தால் கண்ணுக்கு ஏதோ ஆவணம் தெரியும். பின்னால் உளவு நிரல் இறங்கிவிடும்.

ஆகவே, சந்துக்குள் இருப்பது போகிற போக்கில் திருடுகிறவனிடமிருந்துதான் காப்பாற்றும். உள்ளே பட்டு இருக்கிறது என்று தெரிந்தே வருகிறவனைத் தடுக்காது. சந்தும் என்றைக்கும் சந்தாகவே இருப்பதில்லை. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளம் லினக்ஸ்தான். அங்கே கூட்டம் சேர்ந்ததும் திருடர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

லினக்ஸ் போட்டது நல்லதுதான். அதை நம்பி அப்டேட்டை நிறுத்துவதுதான் ஆபத்து. சேலை டிசைன்களையும் நெசவாளர் கூலிக் கணக்கையும் வாரம் ஒருமுறை தனி ஹார்ட்டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். தெரியாத இணைப்பைத் திறக்காதீர்கள். ஓடிபியை நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எந்த சிஸ்டமும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.

இதை வீட்டில் கணக்கு பார்க்கும் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.