யார் அப்பன் வீட்டு ஜீன்?

சினைப்பைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் முதலில் தரும் கீமோதெரபியில் கார்போபிளாட்டின் என்ற பிளாட்டின மருந்து இருக்கும். ஒரே மருந்து. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. ஏன்? ஒரு காரணம், பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2 என்ற இரண்டு ஜீன்கள். டி.என்.ஏ. அறுந்தால் ஒட்டுப் போடும் மெக்கானிக்குகள். பரம்பரையாக இவற்றில் பழுது இருந்தால் நோய் வரும் வாய்ப்பு அதிகம். வேடிக்கை என்னவென்றால், நோய் வந்த பிறகு அதே பழுது கை கொடுக்கிறது. பிளாட்டினம் டி.என்.ஏ.வைச் சிதைக்க, ஒட்டுப் போட ஆளில்லாமல் புற்றுசெல் சாகிறது.

இந்த ஜீன்களுக்கு ஒரு கம்பெனி பட்டா போட்டு வைத்திருந்தது என்றால் நம்புவீர்களா?

பி.ஆர்.சி.ஏ-1 இருப்பது 17-வது குரோமோசோமில் என்று 1990-ல் காட்டியவர் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியை மேரி-கிளேர் கிங். 1994-ல் அதைத் தனியே பிரித்தெடுத்த அமெரிக்காவின் மிரியாட் ஜெனடிக்ஸ் பேடன்ட் வாங்கியது. அங்கே வேறு லேப் சோதித்தால் வக்கீல் நோட்டீஸ். கட்டணம் மூவாயிரம் டாலருக்கு மேல். இன்னொரு லேபில் சரிபார்க்கலாம் என்றால், இன்னொரு லேபே கிடையாது!

2013 ஜூன் 13 அன்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: இயற்கையில் உள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததாலேயே அது உன்னுடையதாகிவிடாது. அன்றே மற்ற லேப்கள் குறைந்த கட்டணத்தில் சோதனையை அறிவித்தன.

ஆனால், பட்டா போனாலும் கணக்குப் புத்தகம் போகவில்லை. ஜீனில் தென்படும் மாற்றம் எல்லாமே பழுது அல்ல. எது ஆபத்து, எது சும்மா என்று தெரிய, ஏராளமான பேரின் விவரங்களை ஒப்பிட வேண்டும். அந்த விவரம் ஏகபோக காலத்தில் மிரியாடிடம் குவிந்தது. 2004-லேயே பொதுத் தொகுப்புக்குத் தருவதை நிறுத்திவிட்டார்கள். அது இல்லாத லேப், 'பொருள் தெரியாத மாற்றம்' என்று ரிப்போர்ட் எழுதும். அதை வைத்துக்கொண்டு டாக்டர் என்ன செய்வார்? 2014 டிசம்பரில் ஒலாபரிப் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றபோதே, சோதனையில் பழுது தெரிந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது.

காசு போட்டோம், உழைத்தோம் என்கிறது கம்பெனி. சரி. ரத்தம் கொடுத்தது யாருங்க? கட்டணமும் அவர்களுடையதுதானே?

2016-ல் நான்கு பேர், எங்கள் ஜீன் விவரத்தை எங்களுக்கே முழுசாகத் தரவில்லை என்று அமெரிக்க சுகாதாரத் துறையில் புகார் செய்தார்கள். புகார் பதிவாவதற்குச் சற்று முன் விவரம் வந்து சேர்ந்தது. சட்டப்படி தர வேண்டியதில்லை, தாமாகவே தந்தோம் என்றது மிரியாட். பெரிய மனசு!