கல்லைக் கொட்டாதீர்கள், மணலை விடுங்கள்

காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர் போன வாரம் புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே நின்று, "பாத்தீங்களா சார், நம்ம பீச் திரும்பி வந்துடுச்சு. பிரச்சினை தீர்ந்துச்சு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். வழக்கம்போல வீடு வந்து காபி குடிக்கும்போதுதான் பதில் வரிசையாக வந்தது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

பிரச்சினை தீரவில்லை ஐயா. நம் வாசலை விட்டு வடக்கே அடுத்த வாசலுக்குப் போயிருக்கிறது.

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். காந்தி சிலைக்கு முன்னால் அன்று மணல் இருந்தது. கருங்கல் குவியலில் உட்கார்ந்து கடல் பார்க்கும் பழக்கமெல்லாம் பிறகு வந்தது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். அத்தோடு போயிற்று.

காரணம் ஒன்றும் பரம ரகசியம் அல்ல. நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆறு மாதிரி ஓடுகிறது. வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கன மீட்டர் வடக்கே போக வேண்டும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சுவர் வைத்தால் தெற்கே மணல் மேடாகும், வடக்கே கரை கரையும். இது தெரிந்துதான், தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்க்க வேண்டும் என்று துறைமுகத் திட்டத்திலேயே சொல்லியிருந்தார்கள். சுவர் கட்டி முடிந்தது. மணலை எடுத்துப் போடும் வேலை மட்டும் ஒழுங்காக நடக்கவில்லை. அதற்குப் பதில் லாரி லாரியாகக் கல் வந்தது.

கல் கொட்டினால் அதன் பின்னால் இருக்கும் சாலை தப்பும், உண்மைதான். ஆனால் மணல் பசியோடு வரும் அலை, கல் முடியும் இடத்துக்கு அடுத்த கரையைத் தின்னும். அங்கே கல் போட்டால் அதற்கு அடுத்தது. நம் கடற்கரைச் சாலையில் ஆரம்பித்த கதை குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் தாண்டி, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று போய்க்கொண்டே இருக்கிறது. அங்கெல்லாம் வீடுகள் கடலுக்குள் போயிருக்கின்றன. படகு ஏற்றவும், வலை காயப்போடவும், கருவாடு உலர்த்தவும் இருந்த மணல் போய்விட்டது. அவர்கள் தூண்டில் வளைவு கேட்டுப் போராடினால் நாம் முகம் சுளிக்கிறோம். நமக்குக் கல் போட்டபோது சந்தோஷப்பட்டவர்கள் நாம். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

"அது தமிழ்நாட்டு எல்லை, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். மணலுக்கு எல்லைக் கல் தெரியாது. தடுத்தது நம் சுவர் என்றால் பொறுப்பும் நம்முடையது.

இப்போது பார்க்கிற மணலும் தானாக வந்ததல்ல. பாண்டிகேன் போன்ற குடிமக்கள் அமைப்பினர் பல வருடம் மனுப் போட்டும் படம் எடுத்துக் காட்டியும் 'கல் தீர்வல்ல' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வேலையற்றவர்கள் என்று கேலி பேசியவர்களில் எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. கடைசியில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஆப்பு வடிவ இரும்புத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கொண்டுவந்து கொட்டினார்கள். கரை திரும்பியது. அவர்கள் சொன்னது சரி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால் இது பாதி வைத்தியம். துறைமுகச் சுவர் இருக்கிறவரை மணலை எடுத்து வடக்கே அனுப்பும் வேலையும் இருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை மாதிரி, ஒரு நாள் போட்டுவிட்டு நிறுத்த முடியாது. இதற்குச் செலவாகும் என்பார்கள். கல்லுக்கு ஆகவில்லையா? கல் சரியச் சரிய மறுபடி கொட்டுகிறோமே, அது யார் பணம்? தெற்கே சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடி கிடைத்தது. நல்லது, பெருமைதான். ஆனால் சுற்றுலாப் பயணிக்கு மணல், மீனவனுக்குக் கல் என்று பிரித்துவிட்டு அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள்.

நம்மைப் போல ஓய்வு பெற்றவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். முகத்துவாரத்தில் தூர்வாரும்போதெல்லாம் 'இந்த மணல் எங்கே போகிறது?' என்று எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள், நமக்குத்தான் நேரம் இருக்கிறதே. இன்னொன்று. துறைமுகம் வருவதற்கு முன்னால் கடற்கரையில் எடுத்த குடும்பப் படம் உங்கள் ஆல்பத்தில் நிச்சயம் ஒன்றாவது இருக்கும். தேடி எடுத்து, பின்னால் வருடத்தையும் இடத்தையும் எழுதி, பேரப்பிள்ளைகளிடம் கொடுங்கள். இங்கே மணலே இருந்ததில்லை என்று நாளை யாராவது சாதித்தால், காட்டுவதற்கு அவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

என் நண்பருக்கும் இதைத்தான் சொல்லப்போகிறேன். நாளைக் காலை நடை வடக்குப் பக்கம்.