வாசலுக்கு வராத வாடகைக் கார்

சென்னை விமான நிலையத்தில் வாடகைக் காரில் ஏறும் இடத்தை முனைய வாசலிலிருந்து பல அடுக்கு வாகன நிறுத்தகத்துக்குக் கொண்டுபோன முடிவு, பயணிகள் எவ்வளவு முறையிட்டும் மாறவில்லை. 2022 டிசம்பரில் நிறுத்தகம் திறக்கப்பட்டபோது வந்த ஏற்பாடு இது. வாசலில் நெரிசல் குறையும் என்று காரணம் சொன்னார்கள். அந்த நெரிசலின் சுமை பயணியின் தலைக்கு மாறியதுதான் மிச்சம்.

விமானம் ஏற வருபவரை வாடகைக் கார் புறப்பாட்டு வாசலிலேயே இறக்கிவிடலாம். வந்திறங்கியவரை ஏற்றிக்கொள்ள மட்டும் அதே கார் வாசல் பக்கம் தலைகாட்டக் கூடாது. பயணி மெட்ரோ நிலையத்தை ஒட்டிய நிறுத்தகத்துக்குப் போய், லிஃப்டில் ஏறி, உரிய தளத்தில் தன் காரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

வளைகுடா, சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டித்தான் இறங்குகின்றன. குடியேற்றச் சோதனை, பெட்டிக்கான காத்திருப்பு, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வருபவர் அடுத்து நிறுத்தகம் போவதற்கான பேட்டரி காருக்குக் காத்திருக்கிறார். அது வந்தாலும் நான்கு பெட்டிகள் ஏறினால் ஆள் உட்கார இடமிருக்காது. அதற்குள் டிரைவரிடமிருந்து போன் வருகிறது: “எந்த லெவல் சார், எந்தத் தூண்கிட்ட நிக்கிறீங்க?” முனைய வாசலிலேயே நிற்பவர் என்ன பதில் சொல்வார்? தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் ஏறும். இல்லாவிட்டால் டிரைவர் சவாரியையே ரத்து செய்துவிடுவார். உள்ளூர் சிம் வாங்காத வெளிநாட்டவரின் பாடு இன்னும் திண்டாட்டம். இலங்கையிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்காக வரும் நோயாளிகளையும் இந்த நகரம் இப்படித்தான் வரவேற்கிறது.

மெட்ரோ இருக்கிறதே என்பார்கள். 2016 செப்டம்பரிலிருந்து விமான நிலையத்துக்கு ஓடும் நல்ல சேவைதான் அது. ஆனால் நள்ளிரவில் இறங்கியவர் முதல் ரயிலுக்கு விடியும்வரை உட்கார வேண்டும். மின்சார ரயிலைப் பிடிக்கவோ பெட்டியோடு ஜிஎஸ்டி சாலையைக் கடந்து திரிசூலம் போக வேண்டும்.

பயணியை மறந்து முடிவெடுப்பது விமான நிலைய நிர்வாகத்துக்குப் புதிதல்ல. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த முனையங்களில் கண்ணாடிப் பலகைகள் விழுந்துகொண்டே இருந்தன. எத்தனையாவது முறை என்று பத்திரிகைகள் கணக்கு வைத்து எழுதும் நிலை வந்தது. இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டினார்கள். 2015 டிசம்பரில் ஆறு பெருகியபோது நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 ஏப்ரலில் சுமார் 1,260 கோடி ரூபாயில் புதிய ஒருங்கிணைந்த முனையம் திறக்கப்பட்டது. கோலமும் சேலையும் கோயிலும் அதன் அலங்காரத்துக்கு வந்து சேர்ந்தன. வந்தவர் வாசலில் வாடகைக் கார் ஏறும் வசதி வரவில்லை. அதே ஆண்டு வாகன நிறுத்தகத்தில் சினிமா தியேட்டர்கள் முளைத்தன. படம் பார்க்க வருபவருக்கு இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, விமானத்தில் வந்தவர் கார் ஏற நாலடி இடம் ஒதுக்கத் தெரியவில்லை!

நெரிசல் உண்மைதான். ஆனால் அதை வரிசையாலும் நேரக் கட்டுப்பாட்டாலும் ஒழுங்கு செய்வது நிர்வாகத்தின் வேலை. அந்த வேலையைச் செய்ய மனமில்லாமல், தூக்க முடியாத பெட்டியோடு பயணியை அலையவிடுவதற்குச் சீர்திருத்தம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். முதியவர், நோயாளி, கைக்குழந்தையோடு வருபவர் ஆகியோரையாவது மனதில் வைத்து இந்த ஏற்பாட்டை உடனே மறுபரிசீலனை செய்ய வேண்டும். வாடகைக் கார் வாசலுக்கு வருவதற்குத் தகுந்த வழியைச் சம்பந்தப்பட்டவர்கள் கண்டாக வேண்டும்.