எந்த அசைவில் வலி?

"தோள் வலிக்கிறது, டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். தோளோ பல பக்கமும் அசையும் மூட்டு. எந்த அசைவில் வலி என்று சொன்னால்தான் கோளாறு இருக்குமிடம் பிடிபடும். அந்த அசைவுகளுக்குத் தனித்தனிப் பெயர்களே உண்டு.

மரம் சீவக் குந்தும்போது முழங்காலில் நடப்பது மடக்கல். எழும்போது நடப்பது நீட்டல். கையை உடம்பை விட்டுப் பக்கவாட்டில் தூக்கினால் விலக்கல். திரும்ப ஒட்டிக் கொண்டுவந்தால் சேர்த்தல். தலையை இடம் வலமாகத் திருப்பினால் சுழற்றல். காசு வாங்க உள்ளங்கையை மேலே காட்டுவது மல்லாத்தல். கீழ்நோக்கித் திருப்புவது கவிழ்த்தல். கவிழ்க்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன் மேல் குறுக்காகப் புரள்கிறது!

இதனால் என்ன பயன்? கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது 60 முதல் 120 டிகிரி வரை மட்டும் வலித்தால், தோள் எலும்பின் அடியிலுள்ள தசைநாண் உரசுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். மணிக்கட்டைப் புறங்கைப் பக்கம் வளைக்கும்போது முழங்கையின் வெளிப்புறம் வலித்தால், கோளாறு பெரும்பாலும் மணிக்கட்டில் இல்லை. முழங்கையில் தொடங்கும் தசைநாணில்தான். செம்பனைக் குலை வெட்டுவோரும் மரம் சீவுவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

பெயர்கள் மறந்துபோனால் கவலை வேண்டாம். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வலிக்கும் அசைவை மெதுவாகச் செய்து காட்டுங்கள். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அது எல்லா மொழியிலும் புரியும்.